பன்னிரண்டாம் தேதிப் பூசை

உப்பளம், புதுச்சேரி
18 ஜூன் 2024

அன்புள்ள லினெட் அக்காவுக்கு,

தம்பி ஜோசப் ஆனந்த் எழுதுகிறேன். ஏற்காட்டுக் குளிரில் உன் முட்டிவலி எந்த மட்டில் இருக்கிறது? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதுவும் ஐந்து நாளாக ஊர் கொண்டுவந்து கொடுக்கும் இனிப்பால்தான். என் கடிதத்தை உனக்கு முன்னால் மதர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். ஆகவே மதருக்கும் வணக்கம்.

இந்தக் காலத்தில் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிற வக்கீல் புதுச்சேரியிலேயே நான் ஒருவன்தான். என்ன செய்வது, உங்கள் அடைப்பு மடத்தில் போனும் கிடையாது, பார்க்க வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம்தான். மாதத்துக்கு ஒரு கடிதம், திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அதுவும் இல்லை. சிறைக் கைதிக்கே இதைவிடச் சலுகை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜெயித்துவிட்டேன் அக்கா. ஐஸ் கம்பெனி லூர்துநாதன் வழக்கு. நம் பங்கில் தேர் இழுப்பது முதல் பந்தல் போடுவது வரை முன்னால் நிற்பாரே, அவர்தான். 2019 செப்டம்பரில் அவருடைய கம்பெனியில் வேலை பார்த்த டோனி என்கிற பையனின் உடல் சுண்ணாம்பாற்றில் ஒதுங்கியது. அமோனியா கசிகிறது என்று பையன் புகார் கொடுத்திருந்தான், அந்த ஆத்திரத்தில் முதலாளி ஆற்றில் தள்ளினார் என்று போலீஸ் கேஸ். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை இருவரையும் பாலத்தடியில் பார்த்ததாக அருள்முருகன் என்ற ஆட்டோக்காரர் சாட்சி சொன்னார். அதே வெள்ளிக்கிழமை மாலை லூர்துநாதன் காரைக்காலில் தங்கையின் புதுமனை மந்திரிப்பில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே நிற்கும் வீடியோவை நான் போட்டுக் காட்டினேன். ஆட்டோக்காரர் கூண்டிலேயே வேர்த்துப்போனார். "காசுக்குப் பொய் சொல்கிறீர்களா, பழக்கத்தில் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன். கோர்ட்டே சிரித்தது.

அதோடு பையனின் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. அதில் மிச்சமும் முடிந்தது. பையன் தானே ஆற்றில் விழுந்திருக்கக் கூடும் என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்கள். இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது விடுதலை. கைராசி வக்கீல் என்று வாசலில் செருப்பு நிறைகிறது. லூர்துநாதன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பழைய ஆட்கள் பாணியில் பிரெஞ்சில் "மெர்சி முசே" என்று நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கும் ஒரு ஜெபம் சொல்.

தம்பி
ஜோசப்


மடம், ஏற்காடு
7 ஜூலை 2024

அன்புத் தம்பி ஜோசப்புக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். முட்டிவலி என்னோடு சேர்ந்து முழங்காலில் நிற்கிறது, சேர்ந்தே எழுந்திருக்கிறது. சர்க்கரையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் வணக்கத்தைப் படித்து மதர் சிரித்தார். கைதி ஒப்பீட்டைப் படித்தபோது சிரிக்கவில்லை.

நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஒருவர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகாமல் காப்பாற்றுவது நல்ல வேலை. நாங்களும் இங்கே அதே வேலைதான் பார்க்கிறோம், செய்த குற்றத்துக்கும் சேர்த்து.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வீடியோவைப் பற்றி எழுதினாய், ஆட்டோக்காரரின் வேர்வையைக்கூட எழுதினாய். அந்தப் பையனின் அம்மாவுக்கு மட்டும் உன் கடிதத்தில் பெயர் இல்லை. ஒரே கேள்வி என்று எழுதினாயே, அது என்ன கேள்வி?

செப்டம்பர் பன்னிரண்டு மரியாயின் திருப்பெயர் விழா. அன்றோடு நான் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து முப்பது வருடம். நம் பங்குக் கோவிலில் அன்று காலைப் பூசைக்குப் போய் எனக்காக உட்கார்ந்திரு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் கோவிலுக்குப் போகிறவன் நீ, அதனால்தான் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

அக்கா
லினெட்


உப்பளம்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மதர் கோபித்துக்கொண்டால் மன்னிப்பு.

அந்த அம்மாள் பெயர் பெர்னதெத். தவளக்குப்பத்தில் வீடு, பெரிய மார்க்கெட்டில் கீரைக்கடை. புருஷன் இல்லை, டோனி ஒரே பிள்ளை. வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பினான். இரவு ஷிப்ட் வந்தால் இரண்டு நாள் கம்பெனியிலேயே தங்கிவிடுவான், அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தேடவில்லை. சனிக்கிழமை உடல் கிடைத்தது.

கேள்வி இதுதான். "வியாழக்கிழமை காலை மகன் கிளம்பும்போது நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன?" பக்கத்து வீட்டார் மூலம் எனக்குப் பதில் முன்னாலேயே தெரியும். பதில் தெரியாத கேள்வியை வக்கீல் கேட்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் ஞாபகமில்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாள் பைபிள் மேல் கை வைத்துவிட்டோமே என்று உண்மையைச் சொன்னார். பெரிய மனுஷன் மேல் புகார் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறாயே என்ற கோபத்தில், "எங்கயாவது போய் செத்துத் தொலைடா" என்று திட்டியிருக்கிறார். ஊரில் எந்த அம்மா சொல்லாதது? நம் அம்மா என்னை வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார். ஆனால் கோர்ட்டில் அதற்கு வேறு எடை. நான் "நன்றி, வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது திங்கட்கிழமை தோறும் வீட்டுக்கு வருகிறார். சண்டை போட வருவதில்லை. "ஐயா, கோர்ட்டுல எழுதினது நெசமா? நான் சொன்னதாலதான் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? போன வாரம் உன் மடத்து முகவரியை எழுதிக் கொடுத்தேன். என் அக்கா அங்கே இருக்கிறாள், எழுதுங்கள், ஜெபிப்பார்கள் என்று அனுப்பிவைத்தேன். இந்தத் திங்கள் வரவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

லூர்துநாதன் செய்தாரா என்று நீ கேட்கப்போகிறாய். நான் எந்தக் கட்சிக்காரரிடமும் அதைக் கேட்பதில்லை. டாக்டர் மாதிரி, எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன்.

பன்னிரண்டாம் தேதி கட்டாயம் போவேன். வெள்ளைச் சட்டைகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

தம்பி
ஜோசப்


மடம்
1 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகமாயிருக்கிறேன், மழைக்கு இருமல் மட்டும். உன் மாத்திரையை நேரத்துக்குப் போடு.

பெர்னதெத் அம்மாளின் கடிதம் வந்தது. ஒன்று இல்லை, மூன்று. வேண்டுதல் கடிதத்தில் இருப்பதை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் விதி, அதனால் உனக்கு எதுவும் எழுத மாட்டேன். உனக்கு இது புரியும். நீயும் அப்படிப்பட்ட விதியில்தான் சாப்பிடுகிறாய்.

ஒருவரை வாசலிலிருந்து அனுப்ப என் பெயரை உபயோகித்திருக்கிறாய். பரவாயில்லை, அக்கா எதற்கு இருக்கிறேன். ஆனால் அவரை நீ இறக்கி வைத்துவிட்டாய் என்று நினைக்காதே. தூக்கி என்னிடம் கொடுத்திருக்கிறாய், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தேதி ஐந்தே முக்காலுக்குப் பூசை. பாடற்குழு எப்படிப் பாடியது என்று எழுது.

அக்கா
லினெட்


உப்பளம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பதாண்டு வாழ்த்துகள். பூசைக்குப் போனேன். பாடற்குழுவில் ஆறு பேர், ஆறு சுருதி. கடைசி பெஞ்சில் லூர்துநாதன் முழங்காலில் இருந்தார். பூசை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையும் போனேன். நம்ப மாட்டாய். பெர்னதெத் அம்மாள் மகனுக்காக வைத்த ஐந்தாம் ஆண்டுப் பூசை அன்றுதான். அவர் நற்கருணை நன்மை வாங்கப் பீடத்துக்குப் போகவில்லை, உட்கார்ந்தே இருந்தார்.

ஒரு சந்தேகம் அக்கா, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இறந்தவருக்கு ஆண்டு நினைவுப் பூசையை, இறந்த தேதிக்கு முதல் நாளே வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? வெளியூர் போகிற அவசரம், அந்த மாதிரி ஏதாவது?

வேலை அதிகம். அதிகமாக எழுத முடியவில்லை.

ஜோசப்


மடம்
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதருக்கு வணக்கமும் இல்லை. அவரே கேட்டார், உன் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று.

உன் சந்தேகத்துக்குப் பதில். பிந்தி வைப்பார்கள். அந்த ஞாயிறு, அடுத்த திங்கள், சாமியார் கிடைக்கும் நாள் என்று தள்ளிப்போகும். முந்தி வைக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தாரே, உயிரோடு இருந்தவருக்கு யார் ஆன்ம இளைப்பாற்றி வேண்டுவார்கள்? நம் ஊரில் எவ்வளவு படிப்பில்லாதவர்களும் இதில் தப்பு செய்ய மாட்டார்கள்.

ஏன் கேட்டாய்? யாருக்கு யார் முந்தி வைத்தார்கள்?

அக்கா
லினெட்


மடம்
24 நவம்பர் 2024

தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. அக்டோபர் போயிற்று, நவம்பரும் முடியப்போகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அப்புறம் கிறிஸ்துமஸ் வரை நீ எழுதினாலும் என் கைக்கு வராது.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே தெரிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


உப்பளம்
28 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், உனக்கும் மதருக்கும். மதர் இதைப் படிக்கட்டும். யாராவது படித்தால் நல்லதுதான்.

நீ நினைத்தது தப்பில்லை. பன்னிரண்டாம் தேதி பூசைக்கு முன்னால் உபதேசியார், அன்றைய பூசை யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். "மரித்த டோனியின் ஐந்தாம் ஆண்டு நினைவாக, ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார். எந்த டோனியோ என்று இருந்துவிட்டேன். மறுநாள் அதே வாசகத்தைப் பெர்னதெத் அம்மாள் பெயரோடு வாசித்தபோதுதான் இரண்டும் ஒரே டோனி என்று உறைத்தது. உபதேசியாரிடம் போய்ப் பூசை நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வக்கீல் என்றால் எதையும் காட்டிவிடுகிறார்கள். 2020லிருந்து வருடா வருடம் செப்டம்பர் பன்னிரண்டு, "ஐஸ் கம்பெனி டோனி". பக்கத்தில் கொடுத்தவர் பெயர், லூர்துநாதன். கொரோனாவில் கோவில் பூட்டியிருந்தபோதும் கொடுத்திருக்கிறார், ஜாமீனில் இருந்தபோதும் கொடுத்திருக்கிறார்.

போலீஸ் சொன்னது பதின்மூன்று. தீர்ப்பில் இருப்பது பதின்மூன்று. பெற்றவளுக்கே பதின்மூன்றுதான் தெரியும். பன்னிரண்டு என்று ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவர் ஊரை ஏமாற்றினார், என்னையும் ஏமாற்றினார். ஆனால் பூசைத் தேதியில் கடவுளை ஏமாற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை அக்கா. பார்த்தது வியாழக்கிழமை, மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது கிழமை தப்பிப்போயிற்று. அந்த ஒரு நாள் தப்பில்தான் நான் ஜெயித்தேன். அருள்முருகன் இப்போது ஸ்டாண்டில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பொய்ச்சாட்சி என்று கூப்பிடுகிறார்களாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அம்மாவாசை என்று ஒரு மீனவர், படகு இன்ஜின் திருடியதாக வழக்கு. அந்த ஆள் திருடவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்த்தரப்பில் ஒரு வயதான அம்மாள் சாட்சி. அவரை இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வழக்கு உடைந்திருக்கும். எழுந்தேன், அந்த முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். என் ஜூனியர் கலைமகள் வெளியே வந்து, "சார், நீங்க இப்படி ஒக்காந்து நான் பாத்ததே இல்ல" என்று அழுதாள். அம்மாவாசைக்கு இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டு ஜாமீன் வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் நாற்பது நாள் உள்ளே இருந்தார்.

லூர்துநாதன் வழக்கில் அரசு அப்பீல் போகவில்லை, கெடுவும் முடிந்தது. கட்சிக்காரரைப் பற்றி வக்கீல் வாய் திறக்கவும் கூடாது. திறந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான். கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பிய இறாலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜோசப்


மடம்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம் மட்டும் இல்லை. மதர் படித்துவிட்டு என்னிடம் கொடுக்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் லூர்துநாதன் உன் ஆபீசில் உட்கார்ந்து இதை உன்னிடம் சொன்னாரா? இல்லை. உபதேசியார் மைக் வைத்து வாசித்ததைக் கோவில் முழுக்கக் கேட்டது. கோவிலில் வாசித்தது எப்படிக் கட்சிக்காரர் ரகசியமாகும்? நீ கோர்ட்டில் எதிர்த்தரப்பை இப்படித்தானே மடக்குவாய். உன்னை யாரும் மடக்காததால் விட்டுவிட்டாயா?

லூர்துநாதனைத் தூக்கில் போடு என்று நான் சொல்லவில்லை. அவரை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அவரே வருடா வருடம் போய் நிற்கிறார். நான் பேசுவது அந்தத் தாயைப் பற்றி மட்டும்.

இப்போது என் விதியை மீறுகிறேன். அதற்கான தண்டனையை மதரிடம் ஏற்கெனவே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெர்னதெத் அம்மாள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். "சிஸ்டர், செத்துத் தொலைன்னு சொன்ன நாக்கு இது. இந்த நாக்க நீட்டி நான் எப்பிடி நன்மை வாங்குறது? ஆறு மாசமா வாங்கல. எம் புள்ள போட்டோவ செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டேன். அவன் மொகத்தப் பாக்க முடியல. பாலத்துமேல பஸ்சு போறப்பல்லாம் எறங்கிடலாமான்னு இருக்குது."

அவர் நாள் தவறாமல் அந்தப் பாலத்தின் மேல்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார், ஜோசப். நான் என் விதியை மீறிவிட்டேன். இனி உன் முறை.

அக்கா
லினெட்


உப்பளம்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை சாம்பல் பூசிவிட்டால் தவக்காலம், அப்புறம் கடிதம் கிடையாது. அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

மார்க்கெட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை முளைக்கீரை வாங்கி வந்தேன். இரண்டாம் தடவை அரைக்கீரை. மூன்றாம் தடவை அவரே, "என்னங்கய்யா, வூட்டுல ஆளு நெறையவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் வீட்டில் கீரை வாடிக் கிடக்கிறது, கோர்ட்டில் நாலு மணி நேரம் பேசுகிறவனுக்கு அந்தக் கடை முன்னால் ஒரு வாக்கியம் வரவில்லை.

காரணம் என்ன என்று எனக்குத் தெரியும். வக்கீல் விதி இல்லை. விதியைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்டது நான். அதை அவர் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

ஈஸ்டருக்குள் சொல்லிவிடுவேன்.

ஜோசப்


மடம்
27 மார்ச் 2025

தம்பி,

தவக்காலத்தில் எழுத மதர் அனுமதி கொடுத்திருக்கிறார், நான்கு வரிக்கு மட்டும். வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த பெர்னதெத் அம்மாள் கடிதம் மூன்று வாரமாக வரவில்லை. கடைசிக் கடிதத்தில் எங்களுக்கு நன்றி சொல்லி முடித்திருந்தார். ஈஸ்டர் வரை காத்திராதே, இன்றைக்கே போ.

லினெட்


உப்பளம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நீ பயந்துகொண்டிருப்பாய் என்று தெரியும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெர்னதெத் அம்மாள் உயிரோடு இருக்கிறார். உன் கடிதம் முதல் தேதி கிடைத்தது, அன்று மத்தியானமே போனேன்.

மார்க்கெட்டில் கடை மூடியிருந்தது. தவளக்குப்பத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டு கமலவேணி என்ற பெண் வாசலில் நின்று, "பத்து நாளா எந்திரிக்கல சார். கஞ்சி குடுத்தா வாய மூடிக்குது" என்றார். உள்ளே பாயில் சுருண்டு கிடந்தார். சுவரில் ஒரு படம் முதுகைக் காட்டித் தொங்கியது. கமலவேணி கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்கவில்லை அக்கா. "டோனி தானா சாகலம்மா" என்றேன். அவர் திரும்பவில்லை. பூசை நோட்டில் பார்த்ததைச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி என்றேன், ஐந்து வருடமாக யார் பூசை கொடுக்கிறார் என்றேன், ஆட்டோக்காரர் கிழமையைத்தான் மாற்றிச் சொன்னார் என்றேன். கோர்ட்டில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் மறைக்கவில்லை. வேண்டுமானால் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நான்தான் சொன்னேன் என்றும் சொல்லுங்கள் என்றேன்.

அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப என் வாயி இல்லியா?" என்றார்.

"இல்லம்மா."

"என் வாயி இல்ல" என்று தனக்கே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு அழுதார். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன், விடுதலை ஆனவர்களும் அழுவார்கள், உள்ளே போகிறவர்களும் அழுவார்கள். இது இரண்டும் கலந்த அழுகை. நடுவில், "அஞ்சு வருசமா தப்பான நாள்லயில்ல அழுதிருக்கேன். கொன்னவனுக்குத்தான் எம் புள்ள செத்த நாளு தெரிஞ்சிருக்குது" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அழுது ஓய்ந்ததும் கிண்ணத்தை எடுத்துக் கஞ்சி குடித்தார். மடமடவென்று பாதிக் கிண்ணம் குடித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தி அது.

அப்போது கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூண்டில் நிற்க வைத்துப் பார்த்த அதே முகம். "ஐயா, ஒன்னு கேக்கட்டுமா. கோர்ட்டுல என்னக் கேட்டீங்களே, கடைசியா என்ன சொன்னன்னு. அப்ப உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதும்மா. சத்தியமா."

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டீங்களா?"

அக்கா, பொய் சொல்வது சுலபமாக இருந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மிச்சக் கஞ்சியையும் குடித்திருப்பார், நானும் மன்னிப்போடு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் அம்மாவாசை ஞாபகத்துக்கு வந்தார். கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆளின் நாற்பது நாளில் பார்த்துவிட்டேன். கட்சிக்காரர் செய்தவரோ செய்யாதவரோ, கையில் இருக்கிற கேள்வியைக் கேட்பதுதான் என் தொழில். அந்த அம்மாள் பைபிள் மேல் கை வைத்து எனக்கு உண்மையைச் சொன்னவர். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேட்டிருப்பேம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை, சபிக்கவில்லை. மிச்சக் கஞ்சியைக் குடிக்காமல் கிண்ணத்தை எனக்கு மறுபக்கமாகக் கீழே வைத்தார்.

"அப்ப கெளம்புங்க" என்றார்.

கிளம்பி வந்துவிட்டேன். அந்த வாரமே அவர் கடை திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பெரிய வெள்ளியன்று கோவிலில் சிலுவை முத்தி செய்ய வரிசையில் நின்றார், உயிர்ப்பு விழாப் பூசையில் நன்மை வாங்கினார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல் போகவில்லை, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார். உன் ஜெபம் அவருக்குப் பலித்துவிட்டது, இனி அவருக்காகக் கவலைப்படாதே.

அடுத்த திங்கள் அம்மாவாசை அப்பீல் வருகிறது. அந்த வயதான அம்மாளின் சாட்சியத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன வாதாட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காகிதத்தில் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ எதிரே உட்கார்ந்து, தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்களா என்கிறார்கள். கேட்பேன் என்று சொல்லிவிட்டு வாதத்தை எழுதுகிறேன்.

சர்க்கரை குறைந்திருக்கிறது. ராத்திரிக் குளிருக்கு முட்டியில் துணி சுற்றிக்கொள். மதருக்கு என் வணக்கம்.

தம்பி
ஜோசப்